ரெக்கார்டு மாதிரி இல்லாத பாட்டு

எங்கள் பக்கத்துக் கோயில் நோம்பிகளில் மெல்லிசைக் கச்சேரியைப் பாராட்ட ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. "அப்படியே ரெக்கார்டு மாதிரியே பாடறாங்க." அதற்கு மேல் ஒரு பாடகருக்குச் சான்றிதழ் கிடையாது. பூச்சாட்டி, கம்பம் நட்டு, மாவிளக்கு எடுத்து முடித்த ஊர் அசதியோடு கோயில் திடலில் உட்கார்ந்திருக்கும். மேடையில் கீபோர்டுக்காரர் ஒற்றை ஆளாக இளையராஜாவின் வயலின் கூட்டம் மொத்தத்தையும் தன் இரண்டு கைக்குள் கொண்டுவந்தாக வேண்டும். சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழல் துண்டில் ஒரு சுரம் இடம் மாறினால் முன்வரிசைப் பெரியவர் உச்சுக்கொட்டுவார். அவர் காதுக்குள் ஏற்கெனவே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மேடை அதன் நிழலாக இருந்தால் அவருக்குப் போதும்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழக்கிய காது அது. பொள்ளாச்சிக்குத் தனியார் பஸ் ஏறுகிறவர்கள் வேகத்துக்காக மட்டும் ஏறுவதில்லை. எந்த வண்டியில் நல்ல பாட்டு போடுவான் என்பதும் கணக்கில் வரும். பாட்டு என்றால் இங்கே செய்து முடிக்கப்பட்ட சரக்கு. சென்னையில் யாரோ செய்து, பெட்டியில் அடைத்து அனுப்பியது. சேதாரம் இல்லாமல் அதைப் பிரித்துக் காட்டுவதே மேடையின் வேலை.

நானும் அந்தக் காதோடுதான் அவியல் குழுவைக் கேட்கப் போனேன்.

அவியல் 2003 வாக்கில் கேரளத்தில் உருவான ராக் குழு. ஆல்டர்நேட்டிவ் ராக் என்று உலகம் அழைக்கிற வகை: எண்பதுகளில் அமெரிக்கக் கல்லூரி வானொலிகளும் சிறிய இசைக் கம்பெனிகளும் வளர்த்தெடுத்து, 1991இல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தோடு ஊரெங்கும் பரவிய, பளபளப்பைக் கண்டால் முகம் சுளிக்கிற இசை. நம் ஊர்களில் ராக் பாடிய பையன்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் இரவல் உச்சரிப்பில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். நாட்டுப்பாட்டின் சொல்லடுக்கைத் தூக்கி முரட்டு கிதாருக்கு நடுவே வைத்தார்கள். முதலில் 'நட நட' என்ற பாட்டின் வீடியோ பரவியது. 2008இல் குழுவின் பெயரிலேயே எட்டுப் பாட்டுகள் கொண்ட ஆல்பம் வந்தது. டோனி ஜான் பாட்டு, ரெக்ஸ் விஜயன் கிதார், பின்னி ஐசக் பேஸ், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ். 2011இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் 'ஆனக்கள்ளன்' ஒலித்த பிறகு, சினிமாப் பாட்டைத் தவிர வேறு எதையும் தொடாதவர்களுக்கும் பெயர் எட்டியது.

கோவைக்கு அந்தப் பாட்டுகள் கல்லூரி விடுதிகள் வழியாக வந்தன. பாலக்காட்டுப் பிள்ளைகளும் திருச்சூர்ப் பிள்ளைகளும் இல்லாத விடுதி இங்கே அபூர்வம். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பும்போது நேந்திரங்காய்ச் சிப்ஸோடு ஒரு பென் டிரைவும் வரும். தென்மேற்குக் காற்றும் சிறுவாணித் தண்ணீரும் எந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வருகின்றனவோ, அதே பக்கத்திலிருந்துதான் இதுவும் வந்தது. பாதிச் சொற்கள் பிடிபடாது. அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் கிதார் நிற்கும், எந்த இடத்தில் டிரம்ஸ் திரும்ப நுழையும் என்று உடம்புக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. அந்த எட்டுப் பாட்டும் எனக்கென்று செய்து வைத்தவை என்ற நினைப்பு. ரசிகன் என்பவன் ஒரு வகையில் பேராசைக்காரன்.

வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் கச்சேரி. போய்ச் சேர்ந்தபோது கூட்டம் நிரம்பிவிட்டது, கடைசியில்தான் இடம். முதல் பாட்டு தொடங்கியதும் எனக்குள் இருந்த முன்வரிசைப் பெரியவர் விழித்துக்கொண்டார். ரெக்கார்டில் இருப்பதைவிட வேகம். நான் எதிர்பார்த்த இடத்தில் கிதார் நிற்காமல் இன்னும் நாலு சுற்று ஓடியது. தெரிந்த சொற்கள் தெரியாத இடத்தில் வந்து விழுந்தன. இது அந்தப் பாட்டு இல்லையே என்று மனம் முணுமுணுத்தது.

தூரத்தில் நின்றதால் இன்னொன்றும் நடந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு அது கால் நொடிக்கும் சற்றுக் கூடுதலாகப் பிந்தி வரும். தூரத்துக் காட்டில் ஒருவர் விறகு பிளக்கும்போது கோடாலி இறங்கிய பிறகு சத்தம் வந்து சேருமே, அது போலக் குச்சி முதலில் இறங்கியது, அடி பிறகு கேட்டது. மறுபடியும் குச்சி, மறுபடியும் அடி. ஹெட்போனில் அந்த அடிக்கும் எனக்கும் நடுவே இடைவெளியே இருந்ததில்லை. அது என் மண்டைக்குள்ளேயே பிறந்தது. இங்கே கண்ணும் காதும் பிரிந்து நின்றபோதுதான் உறைத்தது: அந்தச் சத்தத்தை ஒரு கை உண்டாக்குகிறது. அந்தக் கை வலிக்கக்கூடிய கை.

அதற்குப் பிறகு பின்னால் நிற்க முடியவில்லை. தோளுக்கும் தோளுக்கும் நடுவே நுழைந்து முன்னால் போனேன். அருகே போகப் போகப் பாட்டு குறைந்து வேலை கூடியது. பேஸ் கிதாரின் கீழ்ச்சுரம் விலா எலும்பில் வந்து இடித்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குனிந்து கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார்கள். ஈரக் காற்றில் எந்தக் கம்பியும் சொன்ன பேச்சைக் கேட்காது. டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் முன் பேஸ்காரரும் டிரம்ஸ்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தலை லேசாக அசையும். மொத்தப் பாட்டும் திரும்பும். நான்கு பேர் ஒரு கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது பேசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. ரெக்கார்டில் இந்தப் பார்வை இல்லை. அது பதிவாகிற இடத்தில் மைக் வைக்க முடியாது.

'ஆடு பாம்பே' வந்தபோது கூட்டம் மொத்தமும் எழும்பிக் குதித்தது. கோவைக்காரன் யாரும் அந்தப் பெயரைக் கேட்டு மருதமலையை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கேதான் பாம்பாட்டிச் சித்தர் குகை. பாட்டு தவறாமல் பாம்பை ஆடச் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். கணவாய்க்கு மேற்கே நாராயண குருவும் குண்டலினிப் பாட்டில் பாம்பை ஆடச் சொன்னார். மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே பாம்பு. ஆடு என்பது கட்டளை. ஆடியது என்ற செய்தி ஆகாது. அதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொன்னால்தான் பாம்பு ஆடும். இது சும்மா இடையில் வந்த நினைவு. ஆனால் ஒரு மேடைப் பாட்டுக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும் என்று அந்த இரவில் தோன்றியது.

ரெக்கார்டு செய்கிற முக்கியமான காரியம், வேலையை மறைப்பது. ஸ்டூடியோவில் ஒரு வரியைப் பல தடவை பாடி ஒன்றை வைத்துக்கொள்வார்கள். மூச்சு வாங்கும் சத்தத்தை வெட்டுவார்கள். டிரம்ஸ் ஒரு நாள், பேஸ் இன்னொரு நாள், குரல் அடுத்த மாதம் என்றும் வைக்கலாம். எல்லோரும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வியர்வையெல்லாம் துடைத்த பிறகு மிஞ்சுவதுதான் நம் காதுக்கு வருகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவனுக்குப் பாட்டு ஆகாயத்திலிருந்து விழுந்தது போலத்தான் இருக்கும். விழுந்ததைக் கும்பிடலாம். தானும் செய்யலாம் என்று தோன்றாது.

நம் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நிஜ மான்செஸ்டரில் 1976 ஜூன் 4ஆம் தேதி நடந்த ஒரு கச்சேரியைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பருத்தி நகரத்து வணிகர்கள் நடத்திய தடையற்ற வணிக இயக்கத்தின் நினைவாக எழுந்த கட்டடம் ஒன்று. அதன் சிறிய அரங்கத்தில் லண்டனிலிருந்து வந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் வாசித்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு உள்ளூர் இளைஞர்கள். வந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம் என்கிறார்கள். பிற்பாடு நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொண்டவர்களை அடுக்கினால் பெரிய மைதானமே போதாது. வந்த சிலரில் பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள். மறுநாளே போய் ஹுக் ஒரு பேஸ் கிதார் வாங்கினார். அவர்கள் தொடங்கிய ஜாய் டிவிஷன் ராக் இசையின் போக்கையே திருப்பியது. ஏற்பாடு செய்த இருவரின் பஸ்காக்ஸ் குழுவும் நிலைத்தது.

அன்றைக்கு மேடையில் நிகழ்ந்தது மகத்தான வாசிப்பு என்று அங்கே இருந்தவர்கள்கூடச் சொல்வதில்லை. ஆகாயத்திலிருந்து விழுவதாக நினைத்திருந்த ஒன்றைத் தங்களைப் போன்ற பையன்கள் கையால் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

கோவைக்காரனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் பரிமாறிக் காசு சேர்த்து அதை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி மாட்டினார் என்பது இங்கே ஊரறிந்த கதை. 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மின்மோட்டாரிலிருந்துதான் இந்த ஊர் மோட்டார்ப் பட்டறைகளின் வம்சம் கிளைக்கிறது. பம்பு செட்டோ கிரைண்டரோ, வெளியூர்ச் சரக்கு கையில் கிடைத்தால் முதலில் ஸ்பேனரைத் தேடுகிற ஊர் இது. பாட்டை மட்டும் ஏனோ கழற்றிப் பார்க்காமல் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லா மேடையும் வேலையைக் காட்டும் என்று சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் பெரிய திடல்களில் நடக்கும் சினிமா இசை நிகழ்ச்சிகளில் எல்.ஈ.டி. திரையே பாதி மேடை. முன்கூட்டியே பதிவு செய்த ஒலித்தடம் கீழே ஓட, மேலே ஆட்கள் அதற்கு ஈடுகொடுக்கிற நிகழ்ச்சிகளும் உண்டு. அங்கேயும் பாராட்டு அதே பழைய வாக்கியம்தான். பார்வையாளர் கையில் போன். மேடையில் உயிரோடு நடப்பதை அந்த நிமிடமே மறுபடி ரெக்கார்டாக மாற்றிவிட அப்படி ஓர் அவசரம். எனக்கு அவற்றில் மனம் ஒட்டுவதில்லை. டிக்கெட் விலையும் ஒரு காரணம்.

மேடைப் பாட்டு ரெக்கார்டின் நகலாக இருக்க வேண்டியதில்லை என்ற பாடம் கொங்கு நாட்டுக்கு ஒன்றும் மேற்கிலிருந்து வர வேண்டியதில்லை. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில், உடுக்கை அடித்துப் பாடப்பட்ட அண்ணமார் கதையைப் பதினெட்டு இரவுகள் டேப்பில் பதிந்தார். பொன்னர், சங்கர், தங்காள் கதை. அதே பாடகரைத் தனியே உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதவும் வைத்தார். இரண்டும் ஒன்றாக வரவில்லை. ஊரார் முன்னால் பாடும்போது நீள்வதும் வளைவதும் எழுத்துக்காரர் முன்னால் இல்லை. எந்தக் கதை அசல் என்று கேட்டால் அந்தப் பாடகருக்குக் கேள்வியே விளங்கியிருக்காது என்று நினைக்கிறேன். கேட்கிறவர் கண்ணில் தூக்கம் இறங்கினால் உடுக்கை கொஞ்சம் ஓங்கி ஒலிக்கும், அவ்வளவுதான்.

பிறகு எங்கள் ஊர் மேளமான துடும்பு. வாளையாற்றிலிருந்து திரும்பிய அந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் நோம்பிகள் அடுத்தடுத்து வந்தன. அதுவரை துடும்புச் சத்தம் எனக்கு நோம்பியின் வாடை மாதிரி. இருக்கும், ஆனால் கவனிப்பதில்லை. இப்போது கண் தானாகக் கையைத் தேடியது. கழுத்திலிருந்து வயிற்றுக்கு முன்னால் தொங்கும் பெரிய துடும்பு. தோளில் வார் அழுத்திய தழும்பு. வெயிலில் வரிசையாக நின்று இரண்டு குச்சியால் அடித்துக்கொண்டே காலும் போடுகிறார்கள். ஓர் அடவு முடிகிற இடத்தில் நடுவில் நிற்பவர் பக்கத்து ஆளைப் பார்க்கிறார். தாளம் மொத்தமும் மாறுகிறது. அதே பார்வை. அந்த மைதானத்தில் முண்டியடித்து முன்னால் போய்ப் பார்த்தது, பிறந்ததிலிருந்து என் தெருவில் நடந்துகொண்டிருந்தது.

வித்தியாசம் ஒன்றுதான். ராக் மேடையில் வழக்கமாகக் கலையைத்தான் பார்க்கிறோம், அதற்குள் இருக்கும் வேலை கண்ணுக்குப் படுவதில்லை. துடும்பில் வேலையைப் பார்க்கிறோம், அதற்குள் இருக்கும் கலை கண்ணுக்குப் படுவதில்லை. ஒன்றுக்குக் கை தட்டுகிறோம், மற்றதற்குக் கூலி பேசுகிறோம். இரண்டு இடத்திலும் தெரியாமல் போவது ஒரே ஆள். இசை என்று தனியாக ஒரு பொருள் எங்கும் இல்லை. அந்த நிமிடத்தில் அதைச் செய்துகொண்டிருக்கிற ஆள்தான் இருக்கிறார், அவர் கையை இறக்கினால் அதுவும் நின்றுவிடும்.

இந்தக் கண்மறைப்புக்குச் சாதியும் ஒரு காரணம் என்பதை மழுப்ப வேண்டியதில்லை. துடும்பைத் தலைமுறை தலைமுறையாக அடித்து வந்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள். அவர்கள் அடிக்கும் அடிக்கு ஊரே ஆடும். ஆனால் அவர்கள் நிற்க வேண்டிய இடம் இன்னது என்று கோடு போட்டு வைத்திருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. எண்பது வயது தாண்டிய வள்ளிக் கும்மி ஆசிரியர், மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ வந்தபோது கொங்கு நாடே மகிழ்ந்தது, மகிழ வேண்டியதுதான். துடும்புக்காரர் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்று அந்த மகிழ்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மிதுன் புத்தன்வீட்டிலின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லக்கூடிய கோவைப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் நோம்பி முடிந்த மதியம் துடும்புக்காரர்கள் வேப்பமரத்தடியில் வாத்தியங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று அடித்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்ணா, அடி மாத்தறப்ப எப்படிச் சொல்லிக்குவீங்க? வாயில ஒண்ணும் சொல்றதில்லையே?"

"சொன்னா இந்தச் சத்தத்துல கேக்குமுங்களா? கண்ணப் பாத்துக்குவோம்ங்க. எவனாச்சும் அந்தப் பக்கம் திரும்பிப் புள்ளைங்களப் பாத்துட்டிருந்தான்னா போச்சு." பக்கத்தில் இருந்த இளவட்டத்தைக் காட்டிச் சிரித்தார்.

தோல் பற்றிக் கேட்டேன். முன்பெல்லாம் தோல்தான், மழை ஈரம் பட்டால் தொங்கிவிடும், தீயில் காட்டி விறைக்க வைக்க வேண்டும், இப்போது ஃபைபர் வந்துவிட்டது, அதற்கு வெயிலும் ஒன்றுதான் மழையும் ஒன்றுதான் என்றார். எது நல்ல சத்தம் என்றதற்கு, "ஃபைபரு சத்தம் போடுமுங்க, தோலு பேசும்" என்று சொல்லிவிட்டு டீயை முடித்தார்.

கோயில் சுவரில் நோம்பி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர், அன்னதானம் போட்டவர் பெயர், பந்தல்காரர் பெயர், மெல்லிசைக் குழுவின் பெயர் கலரில். நடுவே ஒரு வரி: காலை 9 மணிக்குத் துடும்பு முழங்கச் சாமி ஊர்வலம். என் கண் போன இடத்தை அவரும் பார்த்தார்.

"எங்க செட்டுக்கும் பேரு இருக்குதுங்க. வண்டியில பேனரே கட்டியிருக்கறோம், பாக்கலீங்களா?"

எழுதிக்கொள்ளப் போனை எடுத்தேன். அவர் தடுத்தார்.

"இப்ப வேண்டாமுங்க, இப்ப எழுதுனா மறந்துருவீங்க. அடுத்த வருசம் நோட்டீசு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க, நானே எழுத்துக் கூட்டிச் சொல்றேன். போன தடவ பக்கத்தூருல தப்பாப் போட்டுட்டானுங்க."